ஸ்பைடர்மேன் 3 ஏன் ஏமாற்றியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்ஹீரோ படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் ஏன் சொதப்புகின்றன என்று பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியும் ஸ்பைடர்மேன் மூன்றாம் பாகத்தில் வந்து நிற்கும். 2007 மே மாதம் வந்த படம், இயக்கியவர் சாம் ரெய்மி, நடித்தவர் டோபி மக்வயர். கேட்கிற ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதேதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மூன்று பாகங்களின் கதையும் இதில் முழுசாக உடைபடும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் வசூலை அள்ளியதே, அப்புறம் யார் ஏமாந்தார்கள்?

அள்ளியது உண்மைதான். சுமார் 25.8 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுவதும் 89 கோடி டாலர் அளவுக்கு எடுத்தது, ரெய்மியின் மூன்று பாகங்களில் அதிக வசூல் இதற்குத்தான். ஆனால் அமெரிக்கக் கணக்கை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். 2002-இல் வந்த முதல் பாகம் முதல் மூன்று நாளில் ஏறக்குறைய 11.5 கோடி டாலர் எடுத்து, ஓடி முடிக்கும்போது 40 கோடியைத் தாண்டியிருந்தது. மூன்றாம் பாகம் முதல் மூன்று நாளில் 15.1 கோடி, அன்றைக்கு அது பெரிய சாதனை, ஆனால் மொத்தமே சுமார் 33.6 கோடியோடு நின்றுவிட்டது. பாதிக்குக் கொஞ்சம் குறைவான பணம் முதல் மூன்று நாளிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் மூன்று நாள் வரும் கூட்டம் போன படத்தை நம்பி வருகிற கூட்டம். நாலாவது நாளுக்கு அப்புறம் வருவதுதான் இந்தப் படத்துக்கு என்று வருவது, அது இங்கே மெலிந்துவிட்டது.

போன படம், அதாவது இரண்டாம் பாகம், அப்படி என்ன பிரமாதம்?

2004-இல் வந்த அந்தப் படத்தை எடுத்துக்கொண்டால் முழுக்க ஒரே கேள்விதான் ஓடுகிறது: ஊரைக் காப்பாற்றுகிறவனுக்குச் சொந்த வாழ்க்கை என்று ஒன்று இருக்க முடியுமா? பீட்டர் பார்க்கருக்கு பீட்ஸா டெலிவரி வேலை போகிறது, வாடகை பாக்கி, அவன் காதலிக்கும் மேரி ஜேன் நடிக்கும் நாடகத்துக்குக்கூட நேரத்துக்குப் போக முடியவில்லை. எல்லாமே அவன் முகமூடி போட்டதால் வந்த வினை. வில்லன் டாக்டர் ஆக்டோபஸும் அதே கேள்வியின் மறுபக்கம்தான், கனவை விடமாட்டேன் என்று அடம் பிடித்து அழிகிற மனிதன். தன்னை வளர்த்த அங்கிள் பென் செத்த ராத்திரி உண்மையில் என்ன நடந்தது என்று பீட்டர், பென்னின் மனைவி ஆன்ட் மேயிடம் சொல்லும் இடம் இருக்கிறதே, அவர் ஒரு வார்த்தை பேசாமல் கையை மட்டும் இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். சண்டையே இல்லாத அந்த ஒரு காட்சிக்காக நான் ரயில் சண்டையைக்கூட விட்டுக்கொடுப்பேன்.

அதைவிட முக்கியம், அந்தப் படம் முடியும்போது விட்டுவைத்த பாக்கி. நண்பன் ஹாரி, தன் அப்பாவின் சாவுக்குக் காரணம் என்று தான் வெறுக்கும் ஸ்பைடர்மேன் பீட்டர்தான் என்று தெரிந்துகொள்கிறான். கண்ணாடியில் செத்துப்போன அப்பா வந்து பழிவாங்கு என்கிறார். மேரி ஜேன் கல்யாண மண்டபத்தை விட்டே ஓடிவந்து பீட்டரிடம் சேர்கிறாள், ஆனால் அவன் ஜன்னல் வழியே பறந்து போன பிறகு கடைசியாகக் காட்டுவது கவலை படிந்த அவள் முகத்தை. மூன்று வருஷம் ரசிகர்கள் காத்திருந்தது இந்த இரண்டு விஷயங்களுக்காகத்தான். வெனம் என்ற வில்லன் வருவான் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, மூன்றாம் பாகம் எங்கே இடறியது?

அந்த பாக்கியைத் தீர்க்காமல் தள்ளிப்போட்ட இடத்தில். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஹாரி பழிவாங்க வருகிறான், சந்து சந்தாகப் பறந்து சண்டை நடக்கிறது, நல்ல சண்டையும்கூட. முடிவில் அவன் தலையில் அடிபட்டு, சமீபத்தில் நடந்தது எல்லாம் மறந்துபோகிறது. பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பது மறந்துவிட்டது, பகையும் மறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறான். இரண்டு படம் முழுக்க வளர்த்த பகையை ஒரு அடியில் அழித்துவிட்டு, படத்தின் பிற்பகுதியில் தேவைப்படும்போது ஞாபகத்தைத் திரும்பக் கொடுக்கிறார்கள். தமிழ்ப் படங்களில் இந்த மறதி வைத்தியத்தை நாம் எவ்வளவோ பார்த்திருக்கிறோம், நமக்கு இது புதுசு இல்லை. ஆனால் ஆன்ட் மே கையை இழுத்துக்கொண்ட அந்தப் படத்தின் தொடர்ச்சியில் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மறதியால் காலியான இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, கொண்டுவரும் வழி எல்லாம் தற்செயல். காதலர்கள் பூங்காவில் படுத்திருக்கும்போது பக்கத்தில் ஒரு விண்கல் விழுகிறது, அதிலிருந்து கருப்பாக ஏதோ ஒன்று ஊர்ந்து வந்து, அவ்வளவு பெரிய நியூயார்க்கில் சரியாகப் பீட்டரின் வண்டியில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு அவன்மேல் படர்ந்து கருப்பு உடையாகிறது. சிறையிலிருந்து தப்பி ஓடும் பிளின்ட் மார்கோ வேலி தாண்டிக் குதித்தால் விழுவது ஒரு அறிவியல் சோதனைக் குழியில், அதுவும் சோதனையை ஆரம்பிக்கும் நேரம் பார்த்து, வெளியே வரும்போது மணல் மனிதன், அதாவது சாண்ட்மேன். பீட்டர் அந்தக் கருப்பு உடையைப் பிய்த்துப் போடுவது ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டில், கீழே அவன் சாகவேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டு நிற்கிறான் எடி பிராக், பீட்டரால் வேலை போன புகைப்படக்காரன், அந்தக் கருப்பு அவன்மேல் விழுந்து அவன் வெனம் ஆகிறான். அப்புறம் வெனமும் சாண்ட்மேனும் ஒரு சந்தில் சந்தித்து, இரண்டே நிமிடத்தில் கூட்டணி பேசி முடிக்கிறார்கள்.

முதல் படத்தில் சிலந்தி கடித்ததும் தற்செயல்தானே?

தற்செயல்தான், யாரும் குறை சொல்லவில்லை. கதையை ஆரம்பித்து வைக்க ஒரு தற்செயலை யாரும் ஒத்துக்கொள்வார்கள், கதாநாயகனைச் சிக்கலில் தள்ளினால் இன்னும் ஒன்றைக்கூட ஒத்துக்கொள்வார்கள். சிக்கலிலிருந்து அவனைக் காப்பாற்ற வரும் தற்செயல்தான் பிரச்சினை. ஹாரியின் மறதி பீட்டரைக் காப்பாற்றுகிறது, அவன் நண்பனை எதிர்கொண்டு பேசவேண்டிய பேச்சைப் பேசாமல் தப்பித்துவிடுகிறான். கிளைமாக்ஸுக்கு முன்னால் அதே வேலையைச் செய்ய ஹாரியின் வீட்டு வேலைக்காரர் வருகிறார். உங்கள் அப்பா செத்த அன்று காயத்தைக் கழுவியது நான்தான், அவரைக் குத்தியது அவருடைய சொந்த வாகனத்தின் கத்திதான் என்கிறார். ஐயா, இதை ஒரு படத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் பையன் முகம் பாதி வெந்திருக்காதே!

அங்கிள் பென்னைக் கொன்றது சாண்ட்மேன் என்று மாற்றியதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

முதல் பாகத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மல்யுத்தப் போட்டி நடத்துகிறவன் பேசிய பணத்தைத் தராமல் ஏமாற்றுகிறான், அவனிடம் கொள்ளையடித்து ஓடுகிற திருடனைப் பீட்டர் வேண்டுமென்றே வழிவிட்டு அனுப்புகிறான், அந்தத் திருடன்தான் அங்கிள் பென்னைச் சுட்டவன் என்று பிறகு தெரிகிறது. பீட்டரின் வாழ்நாள் குற்ற உணர்ச்சி முழுக்க அந்த நேர்க்கோட்டில்தான் நிற்கிறது. மூன்றாம் பாகம் வந்து, இல்லை, சுட்டது அவனோடு வந்த கூட்டாளி மார்கோ, அதுவும் திருடன் ஓடிவந்து கையைப் பிடித்ததில் துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்கிறது. பீட்டரின் தப்பு அழிந்துவிடவில்லை, நீர்த்துப்போய்விட்டது.

ஏன் மாற்றினார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது, அது மட்டமான காரணமும் இல்லை. சாம் ரெய்மியும் அவர் அண்ணன் ஐவன் ரெய்மியும் எழுத நினைத்தது மன்னிப்பைப் பற்றிய கதை. நான் நல்லவன், அவர்கள் குற்றவாளிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பீட்டர், தானும் பாவம் செய்யக்கூடியவன்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும், எதிரியிடமும் மனிதன் இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். அதற்கு மன்னிக்கக் கடினமான ஒருவன் வேண்டும், அதனால் மார்கோ கையில் அங்கிள் பென்னின் ரத்தத்தைப் பூசினார்கள்.

என் வாதம் இதுதான்: அந்த மன்னிப்புக் கதைக்குப் புது ஆளே தேவையில்லை. ஹாரி பீட்டரை மன்னிக்க வேண்டும், பீட்டர் ஹாரியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டு படங்கள் செலவழித்துக் கட்டிய உறவு, ஜேம்ஸ் ஃபிராங்கோ மாதிரி நடிகர், எல்லாம் கையிலேயே இருந்தது. அதை மறதியில் படுக்கவைத்துவிட்டு, அதே உணர்ச்சியைப் புதிதாக ஒருவனிடம் முதலிலிருந்து கட்ட முயன்றார்கள். படத்தில் மற்ற குறைகள் பலவும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளம்பியவைதான் என்று நினைக்கிறேன்.

வெனத்தை உள்ளே திணித்தது யார்?

தயாரிப்பாளர் ஆவி அராத். ரெய்மி 1959-இல் பிறந்தவர், அவர் மனசு முழுக்க அறுபதுகளின் காமிக்ஸ். சாண்ட்மேன் 1963-இல் வந்த பாத்திரம், அவருடைய ஆள். வெனம் 1988-இல் வந்தவன், அவனிடம் மனிதத்தன்மை இல்லை என்று ரெய்மிக்கு அவன்மேல் பிடிப்பே கிடையாது. அவர் இரண்டாவது வில்லனாக யோசித்தது கழுகு வேடம் போடும் வல்ச்சரை. ஆனால் இளைய ரசிகர்கள் வெனத்தைத்தான் கேட்கிறார்கள் என்று அராத் வற்புறுத்த, வல்ச்சர் போய் வெனம் வந்தான். பீட்டரோடு படிக்கும் பெண்ணாக வரும் க்வென் ஸ்டேசியும் அப்படி மேலும் சேர்ந்தவள்தான்.

விளைவு தெரிந்ததே. முழு வெனம் படத்தின் கடைசிப் பகுதியில்தான் வருகிறான், வந்த வேகத்தில் செத்தும் போகிறான். கதை கனத்துப்போய், திரைக்கதை எழுதிய ஆல்வின் சார்ஜன்ட் இதை இரண்டு படமாகப் பிரிக்கலாமா என்றுகூட யோசித்தார். நடுவில் நிறுத்த ஒரு நல்ல கிளைமாக்ஸ் கிடைக்காததால் கைவிட்டார்கள். சில வருஷங்கள் கழித்து ஒரு பாட்காஸ்ட் பேட்டியில் ரெய்மியே, அந்தப் படம் சரியாக அமையவில்லை, எல்லாப் பாத்திரங்களையும் தன்னால் நம்ப முடியவில்லை, ஸ்பைடர்மேனை நேசிப்பவர்களிடமிருந்து அதை மறைக்கவும் முடியவில்லை என்ற பொருளில் சொன்னார். அராத்தும் பின்னாளில், ரெய்மியை வற்புறுத்திய பழி தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார். 2018-இல் டாம் ஹார்டி நடித்து வெனம் தனிப் படமாக வந்து 85 கோடி டாலர் எடுத்ததைப் பார்த்தால், அராத் ஆளைத் தப்பாகக் கணிக்கவில்லை, போட்ட இடம்தான் தப்பு.

ஆக, மூன்று வில்லன்கள் என்பதுதான் கோளாறா?

எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. 2008-இல் வந்த பேட்மேன் படமான டார்க் நைட்டிலும் ஜோக்கர், டூ ஃபேஸ், மாஃபியா தலைவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. 2018-இன் ஸ்பைடர் வெர்ஸ் அனிமேஷனில் வில்லன்களை எண்ண ஒரு கை போதாது. டார்க் நைட் எப்படி நின்றது? முந்தைய படத்தின் கடைசிக் காட்சியில் போலீஸ் அதிகாரி கார்டன், நீ முகமூடி போட்டு வந்தால் எதிரிகளும் அடுத்த படிக்குப் போவார்கள் என்று எச்சரித்து ஒரு ஜோக்கர் சீட்டை பேட்மேன் கையில் கொடுப்பார். அந்த எச்சரிக்கையைத்தான் அடுத்த படம் முழுக்கத் தீர்க்கிறது. ஜோக்கர் கேட்பதும் ஹார்வி டென்ட் உடைந்து டூ ஃபேஸ் ஆவதும் ஒரே கேள்வியில்: நல்லவனை எவ்வளவு தூரம் தள்ளினால் கெட்டவன் ஆவான்? ஸ்பைடர்மேன் 3-இல் ஹாரி ஒரு கேள்வி, மார்கோ வேறு ஒரு கேள்வி, எடி பிராக் கேட்பது வேலை போன கடுப்பு.

அந்த நடனம்?

விடுங்கள். கருப்பு உடை போட்டதும் பீட்டர் முடியை நெற்றியில் இழுத்துவிட்டுத் தெருவில் ஆடிக்கொண்டே போகும் காட்சியைத்தானே சொல்கிறீர்கள்? அது வேண்டுமென்றே வைத்த கேலி. படிப்பாளிப் பையன் ஒருவன் தன்னை மைனர் என்று நினைத்துக்கொண்டால் எப்படி இருப்பான் என்று ரெய்மி காட்டுகிறார், எதிரே வரும் பெண்கள் முகம் சுளிப்பதையும் சேர்த்தே காட்டுகிறார். ஜாஸ் விடுதியில் ஆடிவிட்டு அடுத்த நிமிடமே மேரி ஜேனைக் கைநீட்டி அடித்துத் தள்ளிவிடுகிறான், அந்தத் தாவல்தான் உறுத்துகிறது. சிரிப்பிலிருந்து அதிர்ச்சிக்குப் போக படம் நமக்கு நேரமே தரவில்லை.

படத்தில் உருப்படியாக எதுவுமே இல்லையா?

இருக்கிறது. சாண்ட்மேன் பிறக்கும் காட்சி. குழியில் குவிந்து கிடக்கும் மணல் மெல்ல அசைகிறது, உருண்டு திரண்டு ஒரு கையாக மாறப் பார்த்து உதிர்கிறது, மறுபடி எழுகிறது. கீழே மகளின் படம் இருக்கும் லாக்கெட் கிடக்கிறது, அதை எடுக்கப் போன விரல்கள் பொடிப்பொடியாக நொறுங்குகின்றன. வசனமே இல்லை, கிறிஸ்டோபர் யங்கின் இசை மட்டும். முழு உருவத்தையும் கம்ப்யூட்டரில் செய்துவிட்டு அதற்கு இப்படி ஒரு சோகத்தையும் கொடுத்த காட்சி அந்தக் காலப் படங்களில் குறைவு. ரெய்மி நம்பிய பாத்திரம் எது, நம்பாதது எது என்று தெரிய வேண்டுமானால் இந்தக் காட்சியையும் வெனம் பிறக்கும் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், போதும்.

பத்திரிகை ஆசிரியராக வரும் ஜே.கே.சிம்மன்ஸின் ஜேம்சனும் உண்டு. அவர் எந்தப் படத்தில்தான் சோடை போனார்.

மற்ற படங்களிலும் இதே கதைதானா?

சிலவற்றில் அச்சு அசல் இதே கதை. எக்ஸ்மென் இரண்டாம் பாகம் 2003-இல் முடியும்போது, ஜீன் கிரே மூழ்கிய ஏரியின் மேல் ஒரு பறவையின் ஒளி நிழலாடும், அவள் பீனிக்ஸாகப் பெருஞ்சக்தியோடு திரும்பி வருகிறாள் என்று அர்த்தம். 2006-இல் மூன்றாம் பாகம் வருவதற்குள் இயக்குநர் பிரையன் சிங்கர் சூப்பர்மேன் படம் எடுக்கப் போய்விட்டார், அடுத்து வந்த மேத்யூ வான் விலகிக்கொண்டார், கடைசியில் பிரெட் ராட்னர் எடுத்தார். பீனிக்ஸ் கதையோடு, சக்திகளைப் போக்கும் மருந்து என்ற இன்னொரு பெரிய கதையையும் ஒரே படத்தில் அடைத்தார்கள். ஜீனின் காதலன் சைக்ளாப்ஸ் ஆரம்பத்திலேயே, சாவைக்கூடக் காட்டாமல், போய்விடுகிறான், ஏனென்றால் அந்த நடிகரும் அதே சூப்பர்மேன் படத்துக்குப் போயிருந்தார். அந்தப் படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான சைமன் கின்பெர்க் 2019-இல் அதே பீனிக்ஸ் கதையைத் தானே இயக்கிப் பார்த்தார், அதுவும் படுத்துவிட்டது.

சிலவற்றில் வேறு நோய். 1997-இன் பேட்மேன் அண்ட் ராபின் பொம்மை விற்கவே எடுத்த மாதிரி இருக்கும். ராபினாக நடித்த கிறிஸ் ஓ'டானலே, பொம்மை விளம்பரத்தில் நடிப்பதுபோல் இருந்தது என்று சொல்லியிருக்கிறார், இயக்குநர் ஜோயல் ஷூமாக்கர் ரசிகர்களிடம் மன்னிப்பே கேட்டார். 1987-இன் சூப்பர்மேன் நாலாம் பாகத்தில் பணமே இல்லை, பட்ஜெட்டைப் பாதிக்கு வெட்டிவிட்டார்கள், சூப்பர்மேன் பறக்கும் ஒரே ஷாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள்.

2024-இன் ஜோக்கர் இரண்டாம் பாகம் இன்னொரு தினுசு. முதல் படம் 100 கோடி டாலரைத் தாண்டியது, இரண்டாவது 20 கோடியை ஒட்டி நின்றது, செலவே ஏறக்குறைய அவ்வளவு. பாட்டுப் படமாக மாற்றியதைக்கூட விட்டுவிடலாம், ஆனால் ஜோக்கராக இருந்த ஆர்தரே நீதிமன்றத்தில் எழுந்து ஜோக்கர் என்று ஒருவன் கிடையாது என்கிறான். முதல் படத்தைக் கொண்டாடியவனைத் தியேட்டரில் உட்காரவைத்து, நீ கொண்டாடியது தப்பு என்று சொல்லும் படம். துணிச்சல்தான், அதற்கு அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருப்பான் என்று எதிர்பார்த்தது மட்டும் பேராசை.

ரசிகர்களின் எதிர்பார்ப்பு அதிகம் என்பதும் காரணமில்லையா?

கொஞ்சம் உண்டு. வெனத்தைக் கேட்டதே ரசிகர்கள்தானே. ஆனால் எதிர்பார்ப்பை வளர்ப்பது யார்? போன படத்தின் கடைசிக் காட்சி வளர்க்கிறது, டிரெய்லர் வளர்க்கிறது. கதை முடிவாகும் முன்பே ரிலீஸ் தேதியை ஸ்டுடியோ அறிவிக்கிறது, அந்தத் தேதிக்குள் கதையைத் திருத்த நேரம் இல்லை என்பது மட்டும் வெளியே தெரியாது. ரசிகன் கேட்பதை எல்லாம் கொடுப்பது எழுத்தாளரின் வேலை இல்லை. அவனிடம் ஏற்கெனவே சொன்னதைச் செய்தால் போதும்.

ஸ்பைடர்மேன் 4 ஏன் வரவே இல்லை?

வருவதாகத்தான் இருந்தது, 2011 மே மாதத்துக்கு. வல்ச்சராக நடிக்க ஜான் மால்கோவிச்சிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கதை ரெய்மிக்குத் திருப்தியாக அமையவில்லை, அந்தத் தேதிக்குள் நல்ல படம் தர முடியாது என்று அவர் விலக, 2010 ஜனவரியில் ஸ்டுடியோவான சோனி மொத்தத்தையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. பாடம் படித்தார்களா என்றால், ஆண்ட்ரூ கார்ஃபீல்டை வைத்து 2014-இல் எடுத்த இரண்டாம் பாகத்தில் எலெக்ட்ரோ, கோப்ளின், ரைனோ என்று மறுபடியும் மூன்று வில்லன்கள், அதில் ரைனோ ஆரம்பத்திலும் முடிவிலும் தலைகாட்டுவதோடு சரி. அடுத்து எடுக்க நினைத்த வில்லன்கள் கூட்டணிப் படத்துக்கு முன்னோட்டமாகவே பல காட்சிகள். அந்தக் கூட்டணிப் படம் வரவே இல்லை.

சின்ன வயதில் தமிழ் டப்பிங்கில் பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தது?

இருந்திருக்கும். இந்தியாவில் அது தமிழ், தெலுங்கு, இந்தி, போஜ்புரியில்கூட வந்தது. பத்து வயசில் கருப்பு ஸ்பைடர்மேனைப் பெரிய திரையில் பார்த்தவனுக்கு வேலைக்காரர் ஏன் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை என்ற கவலை எதற்கு? அந்த வயசுக்காரர்கள்தான் இன்று அந்த நடனத்தை மீம் ஆக்கிக் கொண்டாடுகிறார்கள், அதில் கேலி பாதி, நிஜமான பாசம் பாதி. 2021-இன் நோ வே ஹோம் படத்தில் டோபி மக்வயர் ஸ்பைடர்மேனாகத் திரும்பி வந்தபோது தியேட்டர் அலறியதில் இவர்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் படத்தில் சாண்ட்மேனும் வந்தான், பெரும்பாலும் மணலாகவே வந்துவிட்டுப் போனான், அது தனி வருத்தம்.

இப்போது மறுபடி பார்க்கலாமா, எந்த வெர்ஷன்?

பார்க்கலாம். 2017-இல் எடிட்டர்ஸ் கட் என்று ஒன்று வெளியிட்டார்கள், அசலைவிட ஒன்றிரண்டு நிமிடம் குறைவு. சில காட்சிகளின் வரிசை மாறியிருக்கும், முதலில் வெட்டிய இசையில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கும். கிடைத்தால் அதைப் பாருங்கள். மறதி மட்டும் அதிலும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாம் பாகத்தைப் பார்த்த அதே ராத்திரியில் மட்டும் பார்க்காதீர்கள், ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.